இருபது அடிக் கம்பி

இந்த வாரம்தான் இந்தக் குடும்பத்துக்குள் நுழைகிறவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். முதலிலிருந்தே கூட வருகிறவர்கள் அதுவரை ஒரு வாய் தேத்தண்ணி குடித்துக்கொள்ளுங்கள்.

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் கீழ் டிவிஷனில் ஆறு வீடுகள் கொண்ட ஒரு லயம். முதல் வீட்டில் சின்னக்கருப்பனும் ரஞ்சிதமும். அவர் ஃபேக்டரியில் மிஷின் பிட்டருக்குக் கையாள், அவள் மலையில் கொழுந்து எடுக்கிறவள். ஒரே மகள் சீதா இங்கிலாந்தில் நர்ஸுக்குப் படிக்கிறாள். அவள் போய் இரண்டரை வருஷம் ஆகிறது.

இரண்டாவது வீட்டில் சின்னக்கருப்பனின் அக்கா பவளம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். ஆனால் அக்காவும் தம்பியும் பேசியும் இரண்டரை வருஷம்தான் ஆகிறது.

காரணம் பழைய வாசகர்களுக்குத் தெரியும். பவளத்தின் மகன் சுப்பனுக்குத்தான் சீதா என்று, அவளுக்குப் பதினைந்து வயதிலேயே கோயிலில் வைத்து வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. சீதாவுக்கு இங்கிலாந்து ஆஸ்பத்திரியிலிருந்து கடிதாசி வந்த வாரத்தில், பவளம் பைப்படியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, லயமே கேட்கிற மாதிரி சொன்னாள். "ஊரான் அழுக்கத் தொடைக்கப் போறவ என் வீட்டுக்கு மருமவளா வேணாம்." அன்றைக்கு விழுந்தது வெட்டு. போன வருஷம் பவளத்தின் புருஷன் இராமையா இறந்தபோதுகூட சின்னக்கருப்பன் வாசலில் நின்று தோள் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தார். சுப்பன் இந்த ஆவணியில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறான். பவளம் தனியாக இருக்கிறாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் சீதாவிடமிருந்து நீலக் கடிதாசி வந்தது. வெளிநாட்டில் படிக்கிற பிள்ளைகளின் தீபாவளி வாழ்த்தைத் தமிழ் வானொலியில் போடப் போகிறார்களாம். அவளும் போய் ஒரு நிமிஷம் பேசிப் பதிவு செய்துவிட்டு வந்தாளாம். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, சாயங்காலம் நாலு மணி.

ரஞ்சிதத்துக்கு எழுத்து கூட்டித்தான் படிக்க வரும். தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணியிடம் கொடுத்து ஆபீஸ் வாசலில் நின்று படிக்கச் சொன்னாள். அதனால் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மகளின் குரலை இரண்டரை வருஷமாக அவள் கேட்கவில்லை. போட்டோ வந்தது, கம்பளி வந்தது, கடிதாசி வந்தது. குரல் வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சின்னக்கருப்பன் கம்போங் ராஜா கடைத்தெருவுக்குப் போய், ஒரு ரேடியோ கேசட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினார். இருநூற்று நாற்பத்தைந்து வெள்ளி. ஐம்பது முன்பணம், மிச்சம் மாதத் தவணை.

இங்கேதான் எனக்கு அந்த மனுஷன் மேல் கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

அந்தத் தோட்டத்தில் வீட்டுக்கு வீடு கம்பி ரேடியோ உண்டு. மண்டபத்தில் ஒரு பெரிய ரேடியோ, அதற்கு மலை முகட்டில் ஏரியல். அங்கிருந்து கம்பி கிளம்பி ஒவ்வொரு லயத்துக்கும் போய், ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் உள்ள ஒரு மரப்பெட்டிக்குள் முடிகிறது. பெட்டியில் ஒரே ஒரு குமிழ். கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான். எந்த ஸ்டேஷன் என்பது மண்டபத்து மாடசாமி இஷ்டம். சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை, ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டிலிருந்து. சம்பளத்தில் மாதம் இரண்டு வெள்ளி பிடித்துக்கொள்வார்கள்.

"பதினோரு வருசமா மாசம் ரெண்டு வெள்ளி கட்டியிருக்கோம்" என்றார் சின்னக்கருப்பன், ரேடியோவைப் பாயில் இறக்கி வைத்தபடியே. "இருநூத்தி அறுவத்தி நாலு ஆச்சு. அதுக்கு இந்த மாதிரி ஒண்ணு சொந்தமாவே வாங்கியிருக்கலாம். அந்தப் பொட்டி நம்மளதா? இல்ல. நாளைக்கு வேலய விட்டு நின்னா களட்டிக்கிட்டுப் போயிருவானுங்க."

"இதுக்கு எத்தன பேட்டரி?"

"ஆறு."

"எத்தன நாளைக்கு வரும்?"

"பத்து நாள். பாத்துப் போட்டா பன்னெண்டு நாள்."

ரஞ்சிதம் விரல் மடக்கிப் பார்த்தாள். "மாசம் பதினொரு வெள்ளி. அதுக்கு மேல லைசன்ஸ். அதுக்கு மேல தவண. ரெண்டு வெள்ளிக்குச் சும்மா பேசிக்கிட்டு இருந்த பொட்டிக்கு என்னா கொற வந்துச்சு?"

"பொட்டி பேசும், போயிரும். இது பிடிச்சு வைக்கும்." அவர் அதன் மூடியைத் திறந்து உள்ளே இருந்த கேசட்டைக் காட்டினார். "நாளைக்கி உன் மவ ஒரு நிமிசம் பேசுவா. பொட்டியில கேட்டா அந்த ஒரு நிமிசம்தான். இதுல பிடிச்சு வச்சா நீ சாகற வரைக்கும் கேக்கலாம்."

 புருஷன் காசைக் கரியாக்கினதை நினைத்தால் வயிறு எரிந்தது. எதற்காகக் கரியாக்கினார் என்று நினைத்தால் கண் கலங்கியது. சோறு போடும்போது ஒரு கரண்டி குழம்பு கூடுதலாகவே விட்டாள்.

அன்றைக்கே அவர் சுவரிலிருந்த மரப்பெட்டியைக் கழற்றி மண்டபத்தில் கொடுத்து, ஐந்து வெள்ளி டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டுக்கும் காசு கட்ட முடியாதாம்.

*

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து புது ரேடியோ இரைந்துகொண்டே இருந்தது. முள்ளைத் திருப்பத் திருப்ப எங்கேயோ ஒரு சீனப் பாட்டு வந்தது, எங்கேயோ ஒரு மணிச் சத்தம் வந்தது. தமிழ் வரவில்லை.

"கடையில நல்லாத்தானே பாடுச்சு" என்றார் சின்னக்கருப்பன்.

"கடை மேட்டுல இருக்கு. நாம குழிக்குள்ள இருக்கோம்."

ரஞ்சிதம் சாதாரணமாகத்தான் சொன்னாள். சுற்றிலும் தேயிலை மலை, நடுவில் லயம், மேலே பனி. மண்டபத்து ரேடியோ பேசுகிறது என்றால் அதற்கு முகட்டில் ஏரியல் இருக்கிறது. அதைக் கேட்டதும் அவருக்கு யோசனை வந்துவிட்டது. ஏரியல் வேண்டும். ஏரியலுக்குக் கம்பி வேண்டும். கம்பி எங்கே இருக்கிறது?

தன் வீட்டு இறவாரத்தை அண்ணாந்து பார்த்தார். பெட்டிக்கு வந்துகொண்டிருந்த கம்பி அங்கே சும்மா ஓடிக்கொண்டிருந்தது. ஃபேக்டரியில் ஒவ்வொரு மிஷினுக்கும் தனித்தனிக் கம்பி. அதே மாதிரி லயத்திலும் ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பத்திலிருந்து தனியாகக் கம்பி வருகிறது என்றுதான் பதினோரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். பெட்டியே போன பிறகு கம்பி எதற்கு? வெட்டி எடுத்தார். இருபது அடி தேறியது. குளிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நீள மூங்கிலை நட்டு அதன் நுனியில் கட்டினார். மறுமுனையைப் புது ரேடியோவின் ஏரியல் குச்சியில் சுற்றினார்.

பதினோரு மணிக்குத் தமிழ் வந்தது. மெலிசாக, இரைச்சலுக்கு நடுவில்தான். ஆனாலும் தமிழ்.

"கம்பியில்லா ரேடியோன்னுதானே வாங்கினீங்க" என்றாள் ரஞ்சிதம்.

"சும்மா இரு புள்ள. வந்துருச்சுல்ல."

வந்துவிட்டதுதான். அவள் அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு கும்பிடு போட்டாள். அறிவிப்பாளர் ஏதோ சமையல் குறிப்பு சொல்லிக்கொண்டிருந்தார். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. இன்னும் ஐந்து மணி நேரத்தில் இதே வழியாக சீதா வருவாள்.

பன்னிரண்டு மணிக்கு எதிர் லயத்துப் பெட்டிகள் பேச ஆரம்பித்தன. இந்த லயத்தில் ஒரு பெட்டியும் பேசவில்லை.

ஒரு மணி வரைக்கும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு மணிக்கு மூன்றாம் வீட்டு வீரப்பன் குடையை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனான். மூன்று மணிக்கு மழையோடு திரும்பினான். முதலில் பவளத்தின் வாசலில்தான் நின்றான். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் ரஞ்சிதத்துக்கு எல்லாம் கேட்டது.

"மண்டபத்துல எல்லாம் நல்லாத்தான் இருக்காம் அக்கா. நம்ம லயத்துக் கம்பியத்தான் பாக்கணுங்கறான் மாடசாமி. நாளைக்கி வரேங்கறான்."

"நாளைக்கா? நாலு மணிக்குள்ள வராதா?"

"ஓ, சீதா பேசறதா?"

"அவ பேசறதுக்கும் எனக்கும் என்னா? நான் செய்தி கேக்கணும்."

"நாலு மணிக்கு ஏதுக்கா செய்தி?"

பவளம் உள்ளே போய்விட்டாள். வீரப்பன் போன பிறகு அந்தப் பக்கம் பெட்டியின் குமிழைத் திருகுகிற சத்தம் கேட்டது. திருகி, நிறுத்தி, மறுபடியும் திருகி. ரஞ்சிதம் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தாள். பார்க்கக் கூடாதுதான், ஆனாலும் பார்த்தாள். அண்ணி பவளம் தலைக்குக் குளித்து, இருக்கிறதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, பேசாத பெட்டிக்கு எதிரில் மணைபோட்டு உட்கார்ந்திருந்தாள்.

ரஞ்சிதம் வெளியே வந்து இறவாரத்தைப் பார்த்தாள். தன் வீட்டு ஓரத்தில் கம்பி இல்லை. அண்ணி வீட்டு ஓரத்தில் வெட்டின முனை தொங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து மூன்றாம் வீடு, நாலாம் வீடு என்று ஆறாம் வீடு வரைக்கும் ஒரே கம்பி போயிற்று. இழுத்தவர்கள் சிக்கனக்காரர்கள். கம்பத்திலிருந்து முதல் வீட்டுக்கு வந்து, அதையே வரிசையாக நீட்டியிருக்கிறார்கள்.

அவள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"என்னாங்க, இங்க வாங்க. இதப் பாருங்க."

சின்னக்கருப்பன் வந்து பார்த்தார். ஃபேக்டரியில் வேலை செய்கிறவர், பார்த்ததும் புரிந்துவிட்டது. 

"நாலே காலுக்கு மாட்டிரலாம்" என்றார். "சீதா பேசி முடிச்ச ஒடனே கழட்டி மாட்டிரலாம். ஒரு மணி நேரந்தான். யாரும் செத்துப் போயிர மாட்டாங்க."

"இப்பவே மாட்டுங்க."

"உனக்கு புத்தி கெட்டுப் போச்சா? ஏரியல எடுத்தா நம்ம ரேடியோ ஊமை. இப்பதான் கரகரன்னாவது வருது. இத எடுத்து அங்க மாட்டி, அதுவும் பேசலன்னா? ரெண்டும் போயிரும். ரெண்டர வருசமா அந்தப் புள்ள கொரலு கொரலுன்னு உசுர வுட்டவ நீதானே."

அது உண்மைதான். ஒரு நிமிஷம். தவறினால் அடுத்து எப்போது என்று யாருக்கும் தெரியாது. ரஞ்சிதம் மூங்கிலைப் பார்த்தாள், லயத்தைப் பார்த்தாள். அவள் ஒன்றும் மகாத்மா இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மகளின் குரலைக் கேட்டுவிடலாம் என்று அவளுக்கும் ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. அதை மறைக்க மாட்டேன்.

"சீதா போறப்ப வீரப்பன் வீட்லதான் துணி வைக்கப் பொட்டி குடுத்தாங்க" என்றாள். "அவன் கல்யாணப் பொட்டி. நாலாம் வீட்ல கம்பளி குடுத்தாங்க. அஞ்சாம் வீட்ல பத்து வெள்ளி. ஆறாம் வீட்ல ஊறுகா. எல்லாரும் காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு பஸ் ஏத்த வந்தாங்க. அவங்க கேக்காம நாம மட்டும் கதவ சாத்திக்கிட்டு கேக்கறதா? என்னால முடியாதுங்க. அவ கொரல் என் காதுல நிக்காது."

"அவங்கல்லாம் குடுத்தாங்க. ரெண்டாம் வீட்டுக்காரி என்னா குடுத்தா? பேச்சுதான் குடுத்தா."

"அவங்களுந்தான் கேக்கட்டும்."

சின்னக்கருப்பன் மழையில் நின்றார். முகம் தொங்கிப் போயிருந்தது. "அப்ப கேசட்டு? இருநூத்தி நாப்பத்தஞ்சு வெள்ளி போட்டு வாங்குனது? அவ கொரல பிடிச்சு வைக்கத்தானே வாங்குனேன்."

"அந்த ரேடியோ கடைத் தவுக்கே மவன் நீங்க பேசுனதையே பிடிச்சுப் போட்டுக் காட்டுனான்னு சொன்னீங்களே?"

"ஆமா. முன்னாடி ஒரு ஓட்ட இருக்கு. அதுல பேசினா பிடிக்கும்."

"நாம பேசறதப் பிடிக்கும்னா, பொட்டி பேசறதப் பிடிக்காதா?"

பிட்டரின் கையாள் தன் பெண்டாட்டியை மேலும் கீழும் பார்த்தார். இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று அவர் யோசித்தது முகத்தில் தெரிந்தது. அதை ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. "பிடிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மூங்கிலைப் பிடுங்கப் போனார்.

*

மூன்று நாற்பதுக்குக் கம்பி கீழே வந்தது. தன் வீட்டு இறவாரத்தில் அதை மறுபடி ஓட்டி, கம்பத்துப் பக்கத்து முனையை முறுக்கினார். விரல் நுனியில் சுருக்கென்றது. கம்பியில் உயிர் இருக்கிறது. அடுத்த முனை பவளத்தின் வீட்டு ஓரத்தில். அதற்கு அவள் வீட்டு முன்தாழ்வாரமான அஞ்சடிக்குள் அவர் கால் வைக்க வேண்டும்.

வீரப்பன் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். மூங்கில் நட்ட குழியையும் பார்த்தான், கம்பியையும் பார்த்தான்.

"அண்ணே, இது நம்ம லயத்து வயர்தானே?"

"ஆமாண்டா."

"காலைலேருந்து மாடசாமிய நான் திட்டாத திட்டு இல்லண்ணே."

"என்னயத் திட்டு. நாந்தான் வெட்டுனேன். என் வீட்டுக்கு மட்டும் வர்ற கம்பின்னு நெனச்சிட்டேன்."

வீரப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கம்பியில்லாத ரேடியோவுக்கு எங்க அஞ்சு வீட்டுக் கம்பி கேக்குதாண்ணே" என்றான். சின்னக்கருப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

முனை எட்டவில்லை. ஏறி நிற்க ஏதாவது வேண்டும். அவர் சுற்றுமுற்றும் பார்ப்பதற்குள் பவளம் தான் உட்கார்ந்திருந்த மணையைக் கொண்டுவந்து போட்டாள். அது பத்தாது என்று தெரிந்ததும் உள்ளே போய் முக்காலியை எடுத்துவந்தாள். அவர் ஏறினார். அது ஆடியது. அவள் குனிந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். 

மூன்று ஐம்பத்தாறுக்கு அவர் இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கினார். உள்ளே பெட்டி ஒரு தடவை இருமியது. பிறகு கணீரென்று பேசியது. மூன்றாம் வீட்டில், நாலாம் வீட்டில், கடைசி வீடு வரைக்கும் அதே குரல் ஒரே நேரத்தில் எழுந்தது.

"வீரப்பன் வீட்டுக்குப் போயிரலாம்" என்றார் சின்னக்கருப்பன் முக்காலியிலிருந்து இறங்கி.

"அங்க நாலு புள்ளைங்க. என்னத்தப் பிடிக்கும், அழுகையத்தான் பிடிக்கும்." ரஞ்சிதம் ரேடியோ கேசட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏற்கனவே வாசலில் நின்றாள். "அண்ணி, உள்ள வரலாமா?"

பவளம் அவளைப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டா வருவ? வா."

ரஞ்சிதம் போனாள். பெட்டிக்கு எதிரில் கேசட்டை வைத்து, சிவப்புக் குமிழையும் பக்கத்துக் குமிழையும் சேர்த்து அமுக்கினாள். சின்னக்கருப்பன் வாசல்படியில் நின்றுகொண்டார். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

மெட்ராஸில் டாக்டருக்குப் படிக்கிற ஒரு பையன் பேசினான். லண்டனில் வக்கீலுக்குப் படிக்கிறவன் பேசினான். யாரோ பெற்றவர்கள் எங்கேயோ அழுதுகொண்டிருப்பார்கள் என்று ரஞ்சிதம் நினைத்தாள். அப்புறம் ஒரு சின்னக் கனைப்பு. அந்தக் கனைப்பிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எல்லோருக்கும் வணக்கம். கேமரன் மலை, கீழ் டிவிஷன் சின்னக்கருப்பன் மகள் சீதா பேசுகிறேன். என்னை இங்கே அனுப்பி வைத்த என் பவளம் அத்தைக்கு முதல் வணக்கம். அத்தை, சுப்பன் அத்தானுக்குக் கல்யாணம் நடந்ததாக அம்மா எழுதியிருந்தார். உங்களுக்குக் கொடுத்த வாக்கை அதுவரை காப்பாற்றிவிட்டேன். பழியை நீங்கள் சுமந்ததால்தான் நான் இங்கே வெள்ளை உடுப்பில் நிற்கிறேன்."

"என்னாக்கா சொல்றா அவ?"

சின்னக்கருப்பன் கத்தியேவிட்டார். இரண்டரை வருஷத்துக்கு அப்புறம் அக்காவிடம் பேசிய முதல் வார்த்தை. பெட்டியில் சீதா பேசிக்கொண்டே இருந்தாள், யார் காதிலும் ஏறவில்லை. பவளம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ரஞ்சிதம் அவள் தோளைப் பிடித்தாள். வாசலில் வீரப்பனும் நாலாம் வீட்டுக்காரர்களும் வந்து முட்டிக்கொண்டு நின்றார்கள். எல்லோர் வீட்டுப் பெட்டியிலும்தான் கேட்டிருந்தது.

"சொல்லுக்கா. நீயா அனுப்புன?"

"நாந்தான் போவச் சொன்னேன்." பவளம் மூக்கை உறிஞ்சினாள். "அந்தக் கடிதாசி வந்த அன்னிக்கு ராத்திரியே எங்கிட்ட வந்துட்டா. அத்தே, நான் போவணும், ஆனா அப்பா வெத்தல பாக்கு மாத்திட்டாரேன்னு அழுதா. பொண்ணு வீட்டுக்காரன் வாக்கு மாறினா எங்க வீட்டுக்காரரோட அண்ணந்தம்பிங்க உன்ன சும்மா விட்டுருவானுங்களா? கோயில்ல வச்சுக் கேப்பானுங்க. அவள எங்கயும் போவ விடமாட்டானுங்க. மாப்பிள்ள வீட்டுக்காரி வேணான்னு சொன்னா யாரு கேக்கறது? அதான் பைப்படியில நின்னு சொன்னேன். நல்லா எல்லாரு காதுலயும் விழுற மாதிரி."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"உன் மூஞ்சி காட்டிக் குடுத்துரும் தம்பி. உனக்கு வாயில பொய் வரும், மூஞ்சில வராது. சுப்பனும் அவ மேல ஆசையா இருந்தான். அவனுக்குன்னு ஒருத்தி வர்ற வரைக்கும் வாயத் தொறக்காதேன்னு அவகிட்ட சத்தியம் வாங்கிட்டேன். நானும் தொறக்கல."

சின்னக்கருப்பன் வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்தார். அக்காவின் எதிரில் தரையில் உட்கார்ந்தார். அவள் காலைத் தொட்டார். தொட்ட கையை எடுக்கத் தெரியாமல் அப்படியே இருந்தார்.

"ரெண்டர வருசம், அக்கா. மாமன் செத்த அன்னிக்குக்கூட உன் மூஞ்சியப் பாக்கல நான்."

"வந்து நின்னியே. அது போதும்னு இருந்தேன்."

"எந்த ஜென்மத்துல நான் இத அடைக்கப் போறேன்?"

"போடா. அவ எனக்கு மருமவளா வந்திருந்தா தினம் எங்கூட சண்ட போட்டுக்கிட்டு இருப்பா. தப்பிச்சேன்."

நாலு பேர் சிரித்தார்கள். வீரப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அக்கா, அன்னிக்கு நானும் உன்ன வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சிரு." ஐந்தாம் வீட்டுக்காரி வந்து பவளத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். பைப்படியில் எல்லோரும் கேட்ட பேச்சு அது. பதில் வந்த நேரத்திலும் எல்லோர் வீட்டிலும் கம்பி இருந்தது. அதற்காக ரஞ்சிதம் மனசுக்குள் மாரியம்மாளுக்கு நன்றி சொன்னாள்.

அப்போதுதான் அவள் பெட்டிப் பக்கம் திரும்பினாள். பெட்டியில் வேறு யாரோ பிள்ளை பேசிக்கொண்டிருந்தான்.

"என்னாங்க. அவ அப்புறம் என்னா சொன்னா? எனக்கு என்னா சொன்னா?"

யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ரஞ்சிதம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு நிமிஷத்துக்காக மூன்று வாரம் காத்துக் கிடந்தாள். அந்த நிமிஷம் அவள் தலைக்கு மேலேயே போய்விட்டது.

"அழாத புள்ள" என்றார் சின்னக்கருப்பன். "பிடிச்சிருக்குல்ல. அதுக்குத்தானே வாங்குனோம்."

அவர் சுவரில் இருந்த மரப்பெட்டியின் குமிழை அடியோடு குறைத்தார். கேசட்டைப் பின்னால் ஓட்டினார்.  முதல் தடவை ரொம்ப தூரம் போய்விட்டது, டாக்டர் பையன் மறுபடி பேசினான்.  சீதா வந்தாள். பவளம் அத்தைக்கு வணக்கம் சொன்னாள். பிறகு இடி மாதிரி ஒரு குரல், "என்னாக்கா சொல்றா அவ?"

"அய்யோ, நானா?" என்றார் சின்னக்கருப்பன்.

"வேற யாரு. சும்மா இருங்க."

அவருடைய கத்தலுக்கும் பவளத்தின் அழுகைக்கும் அடியில் சீதா பேசிக்கொண்டிருந்தாள். ரஞ்சிதம் தலையைச் சாய்த்து, காதை ரேடியோவின் முன்பக்கச் சல்லடைமேல் வைத்துக்கொண்டாள். பவளமும் அந்தப் பக்கம் வந்து காதை வைத்தாள். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் கன்னத்தோடு கன்னம் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

"...அம்மா, இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. நீங்கள் பின்னிக் கொடுத்த பச்சைக் கம்பளிதான் தினமும் போட்டுக்கொள்கிறேன். அம்மா, அப்பாவைக் கடன் வாங்க விடாதீர்கள். வரும் சித்திரையில் படிப்பு முடிந்து ஊருக்கு வருகிறேன். நான் மட்டும் வரவில்லை. கூட வருகிறவரைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள்."

நாடா உஸ்ஸென்று ஓடியது.

சின்னக்கருப்பன் மெதுவாக நிமிர்ந்தார். "கூட வர்றவரா? யாரு? நம்ம ஆளா, வெள்ளக்காரனா? என்னாக்கா, உனக்கு இதுவும் தெரியுமா?"

"சத்தியமா தெரியாதுடா" என்றாள் பவளம். அவள் முகமும் மாறிப் போயிருந்தது.

வீரப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நாலாம் வீட்டுக்காரி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். எல்லோரும் ரஞ்சிதத்தைப் பார்த்தார்கள். பெற்றவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று பயம்.

அவள் காதை இன்னும் எடுக்கவில்லை. கண்ணிலிருந்து நீர் கேசட்டின் மூடிமேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரா வேணா இருக்கட்டும்" என்றாள். "திரும்பப் போடுங்க. அம்மான்னு ரெண்டு தடவ கூப்பிட்டா. இன்னொரு தடவ கேக்கணும்."